ஹுவாங் ச்சீ வேரைக் காய்ச்சிக் குடித்தால் மழைக்காலச் சளி குறையுமா?

சிங்கப்பூரிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். நவம்பரில் மழை பிடித்தால் பிப்ரவரி வரை விட்டு விட்டுச் சளி வருகிறது, அலுவலக ஏர்கானில் உட்கார்ந்தாலே தும்மல். உடன் வேலை செய்யும் சீன நண்பர் ஹுவாங் ச்சீ என்கிற சீன மருந்து வேரும் சிவப்புப் பேரீச்சையும் (சீன இலந்தைப் பழம்) வாங்கிக் கொடுத்து, தினமும் தேநீர் போலக் குடித்தால் எதிர்ப்புச் சக்தி கூடும் என்கிறார். நீங்கள் குடிக்கலாமா, ஏழு வயது மகனுக்கும், ரத்த அழுத்தத்துக்கும் ரத்தம் உறையாமல் இருக்கவும் மாத்திரை சாப்பிடும் அம்மாவுக்கும் கொடுக்கலாமா, முதுகில் ஒட்டுகிற சீன மருந்துப் பட்டையால் பயன் உண்டா என்று கேட்கிறீர்கள். ஒரு வேரைப் பற்றிக் கேட்பதுபோல இருந்தாலும், சீன மருத்துவத்தில் வீட்டில் எல்லாரும் குடிக்கக்கூடிய பொதுவான சக்தி மருந்து ஒன்று இருக்கிறதா என்பதுதான் உங்கள் கேள்வி. அப்படி ஒன்று கிடையாது. அந்த மரபைப் படித்து மருந்து கொடுக்கிறவர்கள் முதலில் ஆளைப் பார்ப்பார்கள், பிறகுதான் வேர். உங்களுக்கு அது பொருந்தலாம். அம்மாவுக்கு இப்போதைக்கு வேண்டாம். மகன் விஷயம் தனியாகப் பேச வேண்டியது. ஏன் என்று சொல்கிறேன்.

சீன மருத்துவம் உடம்பின் மேற்பரப்பைக் காக்கும் ஆற்றலை 'வெய் ச்சீ' என்கிறது. நுரையீரல் அதைத் தோலுக்கும் மூக்குக்கும் தொண்டைக்கும் பரப்புகிறது, அதற்கு வேண்டிய சத்தைச் செரிமானம் உண்டாக்கிக் கொடுக்கிறது என்பது கணக்கு. இதில் குறை உள்ளவர் எப்படி இருப்பார்? சும்மா இருக்கும்போதே வியர்க்கும். காற்று பட்டால் பிடிக்காது. குரல் மெலிந்திருக்கும், மாடி ஏறினால் களைப்பு. முகம் வெளுத்து, நாக்கும் வெளுத்து, மேலே மெல்லிய வெள்ளைப் படிவு. வீட்டில் யாருக்குச் சளி வந்தாலும் முதலில் இவருக்கு ஒட்டிக்கொள்ளும், போக நாளாகும். இப்படிப்பட்டவருக்காகவே உண்டானது 'யூ பிங் ஃபெங் சான்' என்கிற மூன்று சரக்குச் சூரணம். 14-ஆம் நூற்றாண்டு மருத்துவர் ஜூ தான்ஷி பெயரில் அவர் சீடர்கள் தொகுத்த நூலில் அதன் அளவு இருக்கிறது: ஹுவாங் ச்சீ ஒரு பங்கு, ஃபாங் ஃபெங் ஒரு பங்கு, பை ஜூ இரண்டு பங்கு. இந்தத் தூளில் பத்துப் பன்னிரண்டு கிராம் எடுத்து மூன்று துண்டு இஞ்சியோடு காய்ச்சிக் குடிக்க வேண்டும். இன்று கடையில் கிடைக்கும் குருணை மருந்து சீன மருந்தக நூலின், அதாவது அந்நாட்டு அரசின் மருந்துத் தர நூலின், அளவைப் பின்பற்றுகிறது. அதில் ஹுவாங் ச்சீ மூன்று பங்கு, மற்ற இரண்டும் ஒவ்வொரு பங்கு.

இந்த மூன்றும் சேர்ந்திருப்பதற்குக் காரணம் உண்டு. ஹுவாங் ச்சீ மேற்பரப்பைக் கெட்டியாக்கி வியர்வையைக் கட்டும். பை ஜூ செரிமானத்தைத் தூக்கி உடம்பின் ஈரத்தை வற்றச் செய்யும். ஃபாங் ஃபெங் எதிர்த்திசையில் வேலை செய்கிறது. மேலே தங்கிய காற்றை, அதாவது சளி கொண்டுவருவதாக அந்த மரபு சொல்லும் வெளிக்காற்றை, வெளியே தள்ளும் சரக்கு அது. கெட்டியாக்கும் மருந்தை மட்டும் கொடுத்தால் ஏற்கெனவே உள்ளே நுழைந்தது வெளியேற வழியில்லாமல் போகும் என்று பழைய மருத்துவர்கள் அஞ்சினார்கள். அதனால்தான் கலைக்கும் சரக்கை உடன் சேர்த்தார்கள். ஆகவே நண்பர் கொடுத்த ஹுவாங் ச்சீ, பேரீச்சைத் தேநீரும் இந்த மருந்தும் ஒன்றல்ல. அந்தத் தேநீரில் இரண்டுமே உரமூட்டும் பொருள்கள், பேரீச்சை இனிப்பு வேறு. களைத்துப்போன, வெளுத்த உடம்புக்கு அது சரி. வயிறு உப்புசமாக இருப்பவருக்கு இன்னும் உப்பும்.

சிங்கப்பூருக்கென்று ஒரு சிக்கலும் இருக்கிறது. இங்கே காற்றில் ஈரமும் வெப்பமும் அதிகம். ஹுவாங் ச்சீ விளைவது கான்சு, ஷான்ஷி, உள் மங்கோலியா போன்ற வட பகுதிகளில். ஈரமும் வெப்பமும் உள்ள தென் சீன மாகாணங்களிலும் தென்கிழக்காசியாவிலும் பழகிய மருத்துவர்கள் பலர் அதைத் தாராளமாகக் கொடுப்பதில்லை. நாக்கில் தடித்த, பிசுபிசுப்பான படிவு இருந்தால், மஞ்சளாக இருந்தால், வாய் கசந்தால், மலம் ஒட்டிக்கொண்டு போனால், அந்த உடம்பில் ஈரமும் சூடும் மிஞ்சியிருக்கிறது என்று அர்த்தம். முதலில் அதைத்தான் சரிசெய்வார்கள். அங்கே ஹுவாங் ச்சீயைக் கொட்டினால் இரண்டு மூன்று நாளில் தொண்டை கரகரக்கும், வாயில் புண் வரும், தூக்கம் கெடும், வயிறு கனக்கும். 'சூடு பிடித்துவிட்டது' என்று சீன நண்பர்கள் சொல்வது இதைத்தான். வந்தால் நிறுத்திவிடுங்கள். 'உடம்பு கழிவை வெளியேற்றுகிறது' என்று யாராவது விளக்கம் சொன்னால் நம்ப வேண்டாம். இரவில் மட்டும் வியர்த்து, உள்ளங்கை சுட்டு, நாக்கு சிவந்து வறண்டிருப்பவருக்கும் இது ஒத்துக்கொள்ளாது. அந்த வியர்வைக்குக் காரணம் வேறு.

இனி ஆதாரம். மேலே சொன்னது எல்லாம் அந்த மரபின் விளக்கம். அது பயன்படும் ஒரு சட்டகம், நிரூபணம் வேறு. ஹுவாங் ச்சீயில் இருக்கும் சில பாலிசாக்கரைடுகளும் சபோனின்களும் ஆய்வகத்தில் எதிர்ப்பணுக்களின் நடத்தையை மாற்றுகின்றன என்பது உறுதி. குழாயில் நடப்பது உங்கள் மூக்கில் நடக்கும் என்பதற்கு அது சாட்சி ஆகாது. அடிக்கடி சளி பிடிக்கும் குழந்தைகளிடம் இந்த மூன்று சரக்கு மருந்தைச் சோதித்த சீன ஆய்வுகள் ஏராளம். பெரும்பாலும் நல்ல முடிவையே சொல்கின்றன. ஆனால் பலவற்றில் ஆட்கள் குறைவு, யாருக்கு மருந்து போனது என்பது மருத்துவருக்கும் பெற்றோருக்கும் தெரிந்தே இருந்தது. 2007-இல் காக்ரேன் அமைப்பு சாதாரணச் சளிக்கான சீன மூலிகைகளைப் பற்றிய ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது, தரம் போதாததால் எதையும் பரிந்துரைக்க முடியவில்லை. ஒழுங்காகச் செய்யப்பட்டவற்றில் ஒன்று 2018-இல் வந்தது. நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ள 240 பேரில் பாதிப் பேருக்கு யூ பிங் ஃபெங் குருணையும் மற்றவர்களுக்குப் போலிக் குருணையும் 52 வாரம் கொடுத்தார்கள். யாருக்கு எது என்று இரு தரப்புக்கும் தெரியாது. மருந்து எடுத்தவர்களுக்கு நோய் முற்றித் திணறும் தடவைகள் குறைந்தன. அது நுரையீரல் நோயாளிகளிடம், ஓராண்டு முழுவதும் கொடுத்துக் கண்ட பலன். ஆரோக்கியமான நாற்பது வயதுக்காரர் நான்கு வாரம் குடித்தால் அதே பலன் கிடைக்கும் என்று அதிலிருந்து நீட்டிச் சொல்ல முடியாது. என் மதிப்பீடு இதுதான்: அந்த வெளுத்த, வியர்க்கிற, அடிக்கடி நோய்ப்படுகிற வகையினருக்குச் சளி சில தடவை குறைய வாய்ப்பிருக்கிறது, நல்ல உடம்புக்காரருக்குக் கூடுதல் அரணாகும் என்பதற்கு ஆதாரம் இல்லை.

தடுப்பூசிக்கு இது மாற்று இல்லை என்பதில் மட்டும் எனக்குச் சந்தேகமே கிடையாது. சிங்கப்பூரில் சளிக்காய்ச்சல் ஆண்டு முழுவதும் இருக்கிறது. ஆண்டு இறுதியையொட்டியும் ஆண்டின் நடுவிலும் கூடுகிறது. 65 வயதைக் கடந்த அம்மாவுக்கு ஆண்டுதோறும் சளிக்காய்ச்சல் ஊசி தேசிய அட்டவணையிலேயே இருக்கிறது. அதைப் போட்டுவிட்டு மற்றதைப் பேசலாம்.

நீங்கள் அந்த வியர்க்கிற வகையைச் சேர்ந்தவர்தான், மாத்திரை எதுவும் சாப்பிடுவதில்லை என்று வைத்துக்கொண்டு மேலே சொல்கிறேன். வாங்குவதிலிருந்து தொடங்குவோம். ஹுவாங் ச்சீயை இங்கே கடைகளில் 'பெய் ச்சீ' என்றும் சொல்வார்கள். சாய்வாக நீளவாக்கில் சீவிய துண்டுகள். தோல் இளம் பழுப்பு, வெட்டு முகத்தில் நடுப்பகுதி மஞ்சள், சுற்றிலும் வெளிர் வளையம், நடுவிலிருந்து விரியும் கோடுகள். மென்றால் நார், கொஞ்சம் மாவு, லேசான இனிப்பு, பச்சை மொச்சை வாசனை. பளீரென்று வெளுத்து, பையைத் திறந்ததும் புளிப்பாக மூக்கைக் குத்தினால் கந்தகப் புகை போட்டது. சீன மருந்தக நூல் பொதுவாக வேர்களுக்குக் கிலோவுக்கு 150 மில்லிகிராம் கந்தக டையாக்சைடு வரை அனுமதிக்கிறது. பை ஜூ உள்ளிட்ட சிலவற்றுக்கு 400 வரை. கண்ணால் அதை அளக்க முடியாது, மூக்கால் மோசமானதை ஒதுக்கலாம். ஆஸ்துமாக்காரர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். தோல் செம்பழுப்பாக இருந்தால் அது 'ஹோங் ச்சீ' என்கிற வேறு செடி. தேனில் வறுத்த ஹுவாங் ச்சீயும் விற்பார்கள், கருமஞ்சளாகக் கையில் ஒட்டும். அது வயிற்றுப் பலவீனத்துக்கு. வியர்வைக்கும் சளிக்கும் பச்சையாகக் காயவைத்ததுதான் வழக்கம். பை ஜூ மட்டும் தவிட்டோடு வறுத்ததாகக் கேளுங்கள். பச்சை பை ஜூ சிலருக்கு வயிற்றைக் கலக்கும்.

ஃபாங் ஃபெங் வாங்கும்போது பெயரை எழுதிக்கொண்டு போங்கள். 'ஃபாங் ஜீ' என்று வேறொரு சரக்கு இருக்கிறது. அதிலும் குவாங் ஃபாங் ஜீ என்ற வகையில் அரிஸ்டோலோகிக் அமிலம் உண்டு. 1990-களின் தொடக்கத்தில் பிரஸ்ஸல்ஸில் எடை குறைக்கக் கொடுத்த மாத்திரைகளில் ஹான் ஃபாங் ஜீக்குப் பதில் இது நுழைந்துவிட்டது. நூறு பேருக்கும் மேல் சிறுநீரகம் கெட்டது, பின்னாளில் பலருக்குச் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் வந்தது. பெயர்க் குழப்பம் இந்தத் தொழிலில் சாதாரண ஆபத்து இல்லை. ஃபாங் ஃபெங் வேரின் தலைப்பகுதியில் மண்புழு உடம்பு போல நெருக்கமான வளையங்கள் இருக்கும், குறுக்கே வெட்டினால் பழுப்புப் பட்டைக்குள் மஞ்சள் நடு தெரியும், நல்ல மணம் இருக்கும்.

டப்பாவில் வரும் சீன மருந்துகளைச் சிங்கப்பூரின் சுகாதார அறிவியல் ஆணையம் பட்டியலிட்ட பிறகே விற்கலாம். அட்டையில் ஒரு வாசகம் இருக்கும்: கொடுக்கப்பட்ட தகவலின் பேரில் விற்பனைக்கு அனுமதி, வாங்குபவர் யோசித்து முடிவெடுக்கவும் என்ற பொருளில். அதாவது நச்சு, கலப்படம் பற்றிய சோதனை உண்டு, பலனுக்கு ஆணையம் உத்தரவாதம் தரவில்லை. உதிரி வேருக்கு அந்தப் பட்டியலும் கிடையாது. வாங்கி வந்த வேரில் இரண்டாவது வாரமே இங்கத்திய ஈரப்பதத்தில் பூஞ்சை பிடிக்கலாம். காற்றுப் புகாத புட்டியில் போட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள், ஒரு மாதத்துக்கு மேல் தேவைப்படுவதை வாங்க வேண்டாம்.

பெரியவர் ஒருவருக்கு ஒரு நாள் அளவு: ஹுவாங் ச்சீ 18 கிராம், வறுத்த பை ஜூ 6 கிராம், ஃபாங் ஃபெங் 6 கிராம். சமையலறைத் தராசில் நிறுங்கள். கைப்பிடிக் கணக்கில் ஹுவாங் ச்சீ இரட்டிப்பாகிவிடும். தூசி போக ஒருமுறை அலசிவிட்டு, 700 மில்லி குளிர்ந்த நீரில் அரைமணி ஊறவையுங்கள். இதைத் தவிர்ப்பதுதான் அதிகம் பேர் செய்கிற தப்பு. காய்ந்த வேரைக் கொதிநீரில் போட்டால் மேற்புற மாவுச்சத்து வெந்து மூடிக்கொள்ளும், உள்ளே இருப்பது நீருக்கு வராது. ஊறிய அதே நீரில் அடுப்பேற்றி, கொதித்ததும் தணலைக் குறைத்து, மூடிபோட்டு 30 நிமிடம். மூடி அவசியம், ஃபாங் ஃபெங்கின் வாசனை எண்ணெய் ஆவியோடு போய்விடக் கூடாது. வடித்தால் சுமார் 250 மில்லி வரவேண்டும். அதே சக்கையில் 500 மில்லி வெந்நீர் ஊற்றி இன்னும் 20 நிமிடம் காய்ச்சி வடித்து, இரண்டையும் கலந்து, பாதி காலையிலும் பாதி மாலையிலும் சாப்பிட்டு அரைமணி கழித்து வெதுவெதுப்பாகக் குடிக்க வேண்டும். மண்பானை, பீங்கான், கண்ணாடி, எவர்சில்வர் எதுவும் சரி. இரும்பும் அலுமினியமும் வேண்டாம், சரக்கிலுள்ள துவர்ப்புப் பொருள்களோடு வினைபுரியும். இரண்டு நாளைக்குச் சேர்த்துக் காய்ச்சி வைப்பதும், அடுப்பு மேலேயே இரவு முழுவதும் விடுவதும் வேண்டாம். இனிப்புள்ள கஷாயம் இந்த ஊர் வெப்பத்தில் சீக்கிரம் கெடும். ஃபிளாஸ்கில் நாலு துண்டு வேரைப் போட்டு வெந்நீர் ஊற்றிக் குடிப்பது சுவையான தண்ணீர்தான். இந்த வேர் கொதித்தால்தான் இறங்கும்.

காய்ச்ச நேரமில்லை என்றால் குருணை வாங்கலாம். பெரும்பாலான அட்டைகளில் பெரியவருக்கு 5 கிராம் பொட்டலம், நாளைக்கு மூன்று வேளை என்றிருக்கும். சர்க்கரை சேர்த்த வகையும் சேர்க்காத வகையும் இருக்கின்றன, நீரிழிவு உள்ளவர்கள் பார்த்து வாங்க வேண்டும். எப்போது தொடங்குவது? மருத்துவர்கள் வழக்கமாகப் பருவம் மாறுவதற்கு நாலைந்து வாரம் முன்பே ஆரம்பிக்கச் சொல்வார்கள். நவம்பர் மழைக்கு அக்டோபர் தொடக்கம். நான்கிலிருந்து எட்டு வாரம் குடித்துவிட்டு நிறுத்திப் பார்ப்பது நடைமுறை. இந்தக் கால அளவு அனுபவத்தில் வந்தது, ஆய்வில் தீர்மானமானதல்ல. இரண்டு வாரத்தில் சும்மா வியர்ப்பது குறையவில்லை என்றால் அந்த மருந்து உங்களுக்கானது இல்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

சூப்பாகச் செய்வது இதைவிட மென்மையானது, பெரும்பாலான சீன வீடுகளில் நடப்பதும் அதுதான். நாலு பேருக்கு அரைக் கோழி, ஹுவாங் ச்சீ 15 கிராம், கொட்டை நீக்கிய சிவப்புப் பேரீச்சை ஐந்து, இஞ்சி மூன்று துண்டு. கோழியை ஒரு கொதி விட்டு நுரையைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் ஒன்றரை மணி நேரம் மெல்லிய தணலில் வைக்க வேண்டும். கோஜி பெர்ரி ஒரு மேசைக்கரண்டியைக் கடைசிப் பத்து நிமிடத்தில் போடுங்கள், முன்பே போட்டால் கரைந்து புளிக்கும். உப்பும் கடைசியில். வேர்த்துண்டுகளை எடுத்துப் போட்டுவிடலாம், மெல்ல முடியாத நார். சைவத்துக்கு மக்காச்சோளமும் கேரட்டும் காய்ந்த காளானும் போட்டால் போதும். வாரம் இருமுறை. ஒருவருக்கு நாலு கிராம்கூடப் போகாது என்பதால் மருந்து அளவு பலனையும் எதிர்பார்க்க வேண்டாம், மருந்து அளவு தொந்தரவும் அரிது. உங்கள் வீட்டுக்கு எனக்குப் பிடித்தது இதுதான். அம்மாவுக்கு மட்டும் இந்தச் சூப்பையும் அவருடைய மருத்துவரைக் கேட்டபின் கொடுங்கள்.

காய்ச்சல் வந்த நாளில் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். தொண்டை வலி, உடம்பு வலி, மஞ்சள் சளி எதுவானாலும் சரி. திருடனை வீட்டுக்குள் வைத்துக் கதவைப் பூட்டுவது என்று சீன மருத்துவர்கள் இதைச் சொல்வார்கள். நண்பர்கள் நல்லெண்ணத்தில் செய்யும் மிகப் பெரிய தப்பு, சளி பிடித்தவுடன் ஹுவாங் ச்சீயைக் கூட்டிக் குடிக்கச் சொல்வது. நோய் வந்தபின் கொடுக்கிற சரக்குகளே வேறு. 18-ஆம் நூற்றாண்டு இறுதியில் வூ ஜூதோங் எழுதிவைத்த யின் ச்சியாவ் சான் அதில் பேர்பெற்றது. அதன் தலையான சரக்குகள் ஜின் யின் ஹுவா பூவும் லியான் ச்சியாவ் காயும். 2009 பன்றிக்காய்ச்சல் பரவியபோது இதையும் இன்னொரு பழைய மருந்தையும் சேர்த்து சீனாவில் 410 பேரிடம் சோதித்தார்கள். காய்ச்சல் இறங்கும் நேரம் குறைந்தது. அது சிகிச்சை, தடுப்பு இல்லை.

இந்த இடத்தில் இரண்டு எச்சரிக்கை. யின் ச்சியாவ் பெயரில் விற்கும் சில மாத்திரைகளில் மூலிகையோடு பாரசிட்டமாலும் குளோர்ஃபெனிரமைன் என்கிற ஒவ்வாமை மருந்தும் இருக்கின்றன. 'வைட்டமின் சி யின் ச்சியாவ்' மாத்திரை அப்படிப்பட்டது. அதோடு பனடோலும் போட்டால் பாரசிட்டமால் கணக்கு ஏறிக்கொண்டே போகும். தூக்கமும் வரும், வண்டி ஓட்டக் கூடாது. அடுத்தது, ஜி6பிடி குறைபாடு: ஒரு நொதி குறைவதால் சில பொருள்கள் பட்டதும் ரத்தச் சிவப்பணுக்கள் உடையக்கூடிய பிறவிக் குறைபாடு. சிங்கப்பூரில் 1965 முதல் பிறக்கும் குழந்தைகளின் தொப்புள்கொடி ரத்தத்தில் இதைச் சோதிக்கிறார்கள், எனவே மகனின் சுகாதாரப் புத்தகத்தில் முடிவு இருக்கும். குறைபாடு இருந்தால் ஜின் யின் ஹுவா பூ, ஹுவாங் லியென் என்கிற கசப்பு வேர் இரண்டையும் தொடக்கூடாது என்பதே இங்குள்ள மருத்துவர்களின் நடைமுறை. மூலிகைதானே என்று நினைப்பவர்களுக்கு ஜப்பான் உதாரணம் போதும். அங்கே ஷோ சைக்கோ தோ என்று பெயர் பெற்ற, சளிக்கும் ஈரல் நோய்க்கும் தாராளமாக எழுதப்பட்ட பழைய சீன மருந்தால் 88 பேருக்கு நுரையீரல் அழற்சி வந்து 10 பேர் இறந்ததாக 1996-இல் அந்நாட்டுச் சுகாதார அமைச்சு எச்சரித்தது. அவர்களில் பெரும்பாலானோர் ஈரல் நோயாளிகள்.

அம்மாவைப் பற்றி. ரத்தம் உறையாமல் இருக்க என்ன மாத்திரை என்று நீங்கள் எழுதவில்லை. வார்ஃபரின் என்றால் எந்தச் சீன மருந்தும் அவர் ரத்தப் பரிசோதனை செய்யும் மருத்துவருக்குத் தெரியாமல் வேண்டாம். ஹுவாங் ச்சீயைவிட அதோடு சூப்பில் சேர்க்கிற தாங் குவெய், தான் ஷென் என்கிற வேர்கள் இரண்டும்தான் எனக்கு அச்சம். தான் ஷென் வார்ஃபரினின் வேகத்தைக் கூட்டி ரத்தக்கசிவு வரை கொண்டுபோனது பதிவாகியிருக்கிறது. கடையில் தயாராகக் கட்டி விற்கும் சூப்புப் பொட்டலங்களில் தாங் குவெய் வழக்கமாக இருக்கும், பிரித்துப் பார்க்காமல் போட்டுவிடாதீர்கள். பல கூட்டுகளில் அதிமதுரம் சேரும். தொடர்ந்து எடுத்தால் அது பொட்டாசியத்தைக் குறைத்து ரத்த அழுத்தத்தை ஏற்றும், நீர் மாத்திரை சாப்பிடுபவருக்கு இரட்டை ஆபத்து. உறுப்பு மாற்று செய்துகொண்டு எதிர்ப்பைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்கள், லூபஸ், முடக்குவாதம் போன்ற, உடம்பே உடம்பைத் தாக்கும் நோய் உள்ளவர்கள் ஹுவாங் ச்சீயை மருந்தளவில் எடுக்கவே கூடாது. அவர்கள் உடம்பின் எதிர்ப்பைக் கிளப்பிவிடக் கூடாது. கர்ப்பிணிகளும் வேண்டாம். அறுவை சிகிச்சை இருந்தால் இரண்டு வாரம் முன்பே நிறுத்துவது நல்லது.

மகனுக்கு ஆண்டில் எத்தனை முறை சளி என்று எண்ணிப் பாருங்கள். பாலர் பள்ளி வயதில் ஆறு முதல் எட்டு முறை என்பது சராசரி, பள்ளி போகத் தொடங்கியபின் மெல்லக் குறையும். பெரியவர்களுக்கே இரண்டு மூன்று வரும். சளிக்கு நடுவே நன்றாக ஓடியாடி, எடை ஏறி, சாப்பிட்டால் அவன் எதிர்ப்புச் சக்தியில் கோளாறு எதுவும் இல்லை, மருந்தும் வேண்டாம். நிமோனியா திரும்பத் திரும்ப வந்தாலோ, காது சீழ் அடிக்கடி பிடித்தாலோ, எடை நின்றுவிட்டாலோ பலதுறை மருந்தகத்துக்கு (பாலிகிளினிக்) போங்கள், சீன மருந்துக் கடைக்கு அல்ல. மாதா மாதம் சளி, வெளுத்த முகம், சாப்பாடு வேண்டாம் என்கிற பிள்ளையாக இருந்து, கொடுத்துப் பார்க்க விரும்பினால், பதிவு பெற்ற சீன மருத்துவரிடம் காட்டுங்கள். 2000-இல் வந்த சட்டப்படி அவர்கள் சீன மருத்துவர்களுக்கான வாரியத்தில் பதிய வேண்டும், பெயரை வாரியத்தின் இணையப் பட்டியலில் சரிபார்க்கலாம். கடை மேடையில் நிறுத்துக் கொடுப்பவர் அந்தப் பட்டியலில் இருக்க வேண்டிய அவசியமில்லை. பள்ளிப் பிள்ளைகளுக்குப் பெரியவர் அளவில் மூன்றிலொரு பங்கிலிருந்து பாதி வரை கொடுப்பார்கள், எடையும் செரிமானமும் பார்த்து. அதை வீட்டில் நாமே கணக்குப் போட வேண்டாம்.

கடைசியாக அந்தப் பட்டை. ஜூலை, ஆகஸ்ட் வெயிலில், சீன நாட்காட்டியின் 'சான் ஃபூ' நாட்கள் மூன்றில் முதுகில் ஒட்டுவது. குளிர்கால நோயைக் கோடையில் தடுப்பது என்ற கணக்கில், ஜாங் லூ 1695-இல் வெளியிட்ட நூலின் முறையை ஒட்டி, வெள்ளைக் கடுகு, யான் ஹு ஸுவோ, கான் சுய், ஷீ ஷின் நான்கையும் பொடித்து இஞ்சிச் சாற்றில் குழைத்து, முதுகெலும்பின் இருபக்கமும் நுரையீரலுக்கான புள்ளிகளில் வைப்பார்கள். மூன்று ஆண்டு தொடர்வது வழக்கம். ஆஸ்துமா, மூக்கு ஒவ்வாமைக்குப் பலன் சொல்லும் ஆய்வுகள் உண்டு, தரம் சுமார். கான் சுய் நஞ்சுள்ள சரக்கு, ஷீ ஷின் அரிஸ்டோலோகிக் அமிலம் உள்ள குடும்பத்தைச் சேர்ந்தது, ஆகவே பொடி வாங்கி வீட்டில் குழைப்பது கூடவே கூடாது. மருத்துவரிடம் ஒட்டிக்கொண்டாலும் பெரியவருக்கு இரண்டிலிருந்து நாலு மணி நேரம் போதும், பிள்ளைகளுக்கு அரை மணியிலிருந்து ஒரு மணி. கடுகு எரிக்கும், எரிச்சல் தாங்கவில்லை என்றால் நேரம் பார்க்காமல் எடுத்துவிட்டுக் குளிர்ந்த நீரில் கழுவுங்கள். கொப்புளம் வந்தால்தான் மருந்து வேலை செய்கிறது என்று சிலர் சொல்வார்கள். அது தோல் வெந்ததன் அடையாளம். சிறியதை உடைக்காமல் மூடிவையுங்கள், நீர் கோத்துப் பெரிதானால் மருத்துவரிடம் காட்டுங்கள். காய்ச்சல் இருக்கும் நாளிலும், தோலில் சிரங்கு உள்ள இடத்திலும் ஒட்டக் கூடாது. நீரிழிவுக்காரர்களுக்குப் புண் ஆற நாளாகும் என்பதால் அவர்களுக்கும் வேண்டாம்.